எண்ணூற்று நாற்பது கிராம்

எங்கள் காரின் ஏசி ஒரு புதன்கிழமை மதியம் மொத்தமாக நின்றுபோனது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் தங்கைக்கு ஒரு கல்லூரியில் நேர்முகத் தேர்வு. கல்லூரி மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தது. நடுவில் எங்களுக்குக் கிடைத்தது வியாழக்கிழமை ஒன்றுதான்.

"கண்ணாடிய இறக்கிவிட்டுட்டுப் போனா காத்து பிச்சுக்கிட்டு வருமே" என்றார் எதிர்வீட்டுக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் கேட்காமலே யோசனை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். அவருக்கு விவரம் தெரியாது. என் தங்கைக்கு நரம்பில் ஒரு வியாதி. அதன் பெயர் நீளமானது, நான் அதை வாயால் சொல்வதில்லை. உடம்பில் சூடு ஏறினால் அவள் கால் அவள் பேச்சைக் கேட்காது. முதலில் இடது கால் இழுக்கும், அப்புறம் வலது கால், அப்புறம் கண் மங்கும். குளிர்ந்த அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடும். மற்ற நேரத்தில் அவளைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

விடியற்காலையிலேயே கிளம்பலாமே என்று தோன்றும். அந்த மாதம் விடியற்காலை நாலு மணிக்கே தலையணை நனைந்துகொண்டிருந்தது. வாடகைக் காரும் ஆகாது. போன வருடம் ஒரு டிரைவர் மேடு ஏறும்போது இன்ஜினுக்கு நல்லது என்று ஏசியை அணைத்துவிட்டார். இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியாமல் அவள் கால் மணி நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த டிரைவர் பாவம், போதையில் இருக்கிறாளோ என்று பார்த்தார். அதிலிருந்து எங்கள் காரைத் தவிர வேறு வண்டியில் ஏறமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நிற்கிறாள் என்று நான் சொன்னால் அவளே சிரிப்பாள்.

அவளுக்கு நாற்பத்தோரு வயது. வீட்டில் இன்றும் பாப்பாதான். கணக்கு டீச்சராக இருந்தவள். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கோடை மதியம், கரும்பலகையில் பாதிக் கணக்கு இருக்கும்போது, நாற்பது பிள்ளைகள் பார்க்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பையன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்களாம். அன்றோடு வேலையை விட்டாள். என் வீட்டுப் பின்னறைக்கு வந்தாள். அங்கிருந்தே கம்ப்யூட்டரில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.

வரும்போதே ஒரு நிபந்தனை போட்டாள். "எனக்குன்னு தனியா எதுவும் செய்யக் கூடாது. இந்த வீட்ல நான் நோயாளி கிடையாது. சம்மதம்னா வர்றேன்."

நாங்கள் சம்மதம் என்றோம். அன்று தொடங்கியது எங்கள் கள்ளத்தனம். நான் வீட்டின் முன்னறையில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். ஒரு ஹோட்டலுக்காக வெட்டியதில் துணி மிச்சமாகிவிட்டது என்று சொல்லி, அவள் ஜன்னல்களுக்கு வெயில் புகாத இரட்டைத் திரை மாட்டினேன். மிச்சமும் இல்லை, ஹோட்டலும் இல்லை. என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவர் குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தினார். தனக்கு முதுகு வலி என்று சாதித்தார். அதை நிரூபிக்க ஒரு மாதம் குனிந்தே நடந்தார். கடைசியில் நிஜமாகவே முதுகு பிடித்துக்கொண்டது.

இப்போது கணக்கு டீச்சர் வேலைக்கு அந்தக் கல்லூரி கூப்பிட்டிருந்தது. குளிரூட்டிய வகுப்பறைகள், வளாகத்துக்குள்ளேயே தரைத்தளத்தில் வீடு. அவளுக்கென்றே யாரோ யோசித்துக் கட்டியது போல இருந்தது. ஆனால் தேர்வு அறைக்குள் அவள் தன் காலில் நடந்து போக வேண்டும். அது ஒன்றுதான் அவள் பிடிவாதம். "நாற்காலியோட தூக்கிட்டுப் போய் உக்கார வெச்சா, அவங்க என் பாடத்தைக் கேக்க மாட்டாங்க. என் காலத்தான் பார்ப்பாங்க" என்றாள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை ஏசி நின்றபோது நான் பயந்துபோனது உண்மை. ஆனால் உள்ளே ஏதோ ஒரு மூலையில், நல்லதாகப் போயிற்று என்றும் ஒரு குரல் கேட்டது. பின்னறையிலிருந்து காலை ஏழு மணிக்கு "அக்கா, டீ ஆச்சா?" என்று கேட்கும் குரல் இல்லாமல் அந்த வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த எண்ணம் வந்ததற்காக என்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

ஏசி திடீரென்று நிற்கவில்லை. இரண்டு மாதமாகவே சண்டித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. வண்டி ஓடும்போது ஜில்லென்று வரும். சிக்னலில் நின்றால் ஐந்து நிமிடத்தில் காற்று வெதுவெதுப்பாகிவிடும். முதலில் கண்டுபிடிப்பது பாப்பாதான். "காத்து மாறிடுச்சு" என்பாள், வேறொன்றும் சொல்லமாட்டாள். "கேஸ் குறைஞ்சிருக்கும்" என்பார் இவர். வண்டி நகர்ந்தால் குளிர் திரும்பிவிடும், நாங்களும் பேச்சை மாற்றிவிடுவோம். புதன்கிழமை அதுவும் போயிற்று. ஓடினாலும் சரி, நின்றாலும் சரி, அனல்தான் வந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை வாசலில் போய் நின்றோம். கார் ஏசி மட்டும் பார்க்கிற இடம். நடத்துவது ஐம்பதை நெருங்கிய ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் காரைத் தொடுகிற அத்தனை பேரும் கூட வந்தால்தான் வண்டியைப் பார்ப்பார். போனில் நான் பேசியபோதே கறாராகச் சொல்லிவிட்டார்: "ஓட்டுறவங்க, பக்கத்துல உக்காருறவங்க, கழுவுறவங்க, எல்லாரும் வரணும். ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. எனக்கு எல்லாக் கதையும் வேணும்." அதனால் மூன்று பேரும் போயிருந்தோம். இவர் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார்.

பட்டறையின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பாப்பாவின் நடையை ஒரு பார்வை பார்த்த மெக்கானிக் அம்மா எதுவும் கேட்காமல் அந்தக் கதவைத் திறந்துவிட்டார். பாப்பா உள்ளே உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் வெளியே மரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கதவைப் பாதி திறந்து வைத்தார்கள்.

"கடைசியா யாரு கை வெச்சது?" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா.

"யாரும் வைக்கலையே" என்றார் இவர்.

"வேற கடைக்குப் போனீங்களா?"

"இல்லங்க" என்றேன் நான்.

அவர் கண்ணாடி அறையைப் பார்த்தார். பாப்பா தலையை மட்டும் ஆட்டினாள், ஆமா என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். "சரி" என்றார் அந்த அம்மா. அந்தச் சரியில் நம்பிக்கை துளியும் இல்லை.

பானெட்டைத் திறந்து குழாய்களை மாட்டினார். குழாய்களின் மறுமுனையில் கடிகாரம் போல இரண்டு வட்டங்கள் இருந்தன, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. இன்ஜினைப் போட்டு ஏசி பொத்தானை அழுத்தச் சொன்னார். சிவப்பு வட்டத்தில் முள் விறுவிறுவென்று ஏறியது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேஸை அழுத்தி அனுப்புகிற கம்ப்ரெசர் நின்றுவிட்டது. மறுபடி போட்டார், மறுபடி டக்.

"கேஸ் சுத்தமா தீந்துபோச்சுன்னு நினைக்கிறேன்" என்று இவர் எழுந்து போனார். ஒரு மோட்டாரைக் கண்டால் இவரால் பெஞ்சில் உட்கார முடியாது. "லிஃப்ட்லயும் இப்படித்தான், லோடு இல்லன்னா..."

"கேஸ் இல்லன்னா இந்த முள்ளு ஏறாது சார். ஏறுற வேகத்தைப் பார்த்தா வேற மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மா. "உள்ள இருக்கிறத மொத்தமா வெளிய எடுத்து எடை போட்டுடலாம். மிஷினே எடை காட்டும்."

பானெட்டின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டை அழுக்குத் துணியால் துடைத்தார். இந்த வண்டிக்கு ஐந்நூறு கிராம் கேஸ் என்று அதில் இருந்தது. அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. சக்கரம் வைத்த ஒரு இரும்புப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து குழாயை இணைத்தார். பெட்டியின் முகத்தில் எண்கள் ஓடத் தொடங்கின. இருநூறு, முந்நூறு என்று மெதுவாக ஏறியது. நானூறு வந்தபோது நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன். ஐந்நூறைத் தாண்டியபோது அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அறுநூறு வந்தது, எழுநூறு வந்தது, இன்னும் நிற்கவில்லை. இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணூற்று நாற்பதில் நின்றது.

"கார் தானா கேஸ் தயாரிக்காது" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "ஐந்நூறு இருக்க வேண்டிய இடத்துல எண்ணூத்து நாப்பது இருக்கு. அழுத்தம் தாங்காம வெடிச்சிடக் கூடாதுன்னு ஒரு காவல் சுவிட்ச் இருக்கு. அதுதான் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கு. இப்ப சொல்லுங்க, யாரு?"

இனி மென்று விழுங்கிப் பயனில்லை என்று தெரிந்ததால் நான் வாயைத் திறந்தேன்.

"நான் ஒரு தடவை போட்டேங்க. துணி மார்க்கெட் பக்கத்துல ஒரு கடை. மூணு வாரம் இருக்கும்."

இவர் சட்டென்று திரும்பினார். "நீயா? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா நீங்க பாப்பாகிட்ட உளறியிருப்பீங்க. எனக்காக எதுக்குன்னு அவ வண்டியிலயே ஏறியிருக்க மாட்டா."

அவர் கழுத்தைச் சொறிந்தார். "நானும் போட்டேன். எங்க ஆபீஸ்ல ஏசி பாக்குற ஒருத்தர். போன சனிக்கிழமை, பார்க்கிங்ல வெச்சு. நீ திட்டுவியேன்னு சொல்லல."

நான் வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை சொல்ல மூச்சை இழுத்தேன். அதற்குள் கண்ணாடிக் கதவு முழுசாகத் திறந்தது.

"நானும்தான்" என்றாள் பாப்பா. "செவ்வாக்கிழமை. வீட்டுக்கே வந்து போடுறவர் ஒருத்தர் இருக்கார். நீ அளவெடுக்கப் போயிருந்த. மாமா டியூட்டி."

"உனக்கென்ன தலையெழுத்தா? எங்ககிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா உங்களுக்கு என் கவலையும் சேர்ந்துக்கும். வெள்ளிக்கிழமைய நெனச்சு எனக்கு பயமா இருக்குன்னு தெரிஞ்சிடும்."

மெக்கானிக் அம்மா ஒரு நிமிடம் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருபது வருஷத்துல கேஸ் போடாம வண்டியக் கெடுத்தவங்களத்தான் பார்த்திருக்கேன். ஒருத்தருக்கொருத்தர் தெரியாம போட்டுப் போட்டுக் கெடுத்தவங்கள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். இவரும் அசடு வழியச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

சரியாக ஐந்நூறு கிராம் எடை பார்த்து உள்ளே அனுப்பினார். இன்ஜினைப் போட்டதும் கம்ப்ரெசர் நிற்காமல் ஓடியது, காற்றும் குளிர்ந்தது. இவர் கை தட்டப் போனார். அந்த அம்மா ஒரு விரலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நீங்க மூணு பேரும் கேஸ் போட்டீங்க. ஏன் போட்டீங்க? நின்னா காத்து சூடாச்சு, அதனால. அந்த நோய் இன்னும் உள்ளதான் இருக்கு. நிக்கிற வண்டி குளிரணும். இருங்க."

ஆறாவது நிமிடத்தில் காற்று வெதுவெதுப்பானது. கண்ணாடி அறையிலிருந்து பாப்பா எழுந்து வந்து காருக்குள் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். சூடான கேஸைக் குளிர வைக்க வண்டியின் முன்பக்கம் ஒரு ஃபேன் சுழல வேண்டுமாம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். நின்றால் ஃபேன்தான் செய்ய வேண்டும். அந்த ஃபேன் ஆடாமல் அசையாமல் நின்றது. ஃபியூஸ் எரிந்திருந்தது. "ரிலேவா இருக்கும்" என்று இவர் லிஃப்ட் புராணத்தைத் தொடங்கினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த அம்மா வண்டியின் முன்பக்கக் கிரில்லைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். மூக்கு நீண்ட குறடை உள்ளே விட்டு எதையோ பிடித்து இழுத்தார். வெள்ளையாக ஒரு துணி வந்தது. வந்துகொண்டே இருந்தது. கொசுவலை மாதிரி மெல்லிய துணி, ஃபேனின் நடுத்தண்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு கருத்துப்போயிருந்தது. கடைசியாக வந்த முனையில் இரண்டு தடவை மடித்து அடித்த விளிம்பு. அதற்குள் எலாஸ்டிக்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"யாரோ தைச்சிருக்காங்க" என்றார் அந்த அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து. "தையல் நல்லா இருக்கு."

நல்லா இல்லாமல் எப்படி இருக்கும்? முப்பது வருடமாக அந்த விளிம்பைத்தான் மடிக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊரெல்லாம் புழுதி பறந்தது. பாப்பாவுக்குத் தூசி இருமல் வந்தது. காருக்குள் தூசி வராமல் இருக்கட்டும் என்று வண்டியின் மூக்குக்கு ஒரு வலைத்திரை தைத்து, எலாஸ்டிக் வைத்து, யாருக்கும் தெரியாமல் உள்பக்கமாக மாட்டினேன். ஒரு வாரத்தில் அதைக் காணோம். இவர்தான் அசிங்கமாக இருக்கிறதென்று கழற்றி எறிந்திருப்பார் என்று நினைத்து மூன்று நாள் இவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எதற்குக் கோபம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஜன்னலுக்குத் திரை போடுகிறவள் காருக்கும் போட்டிருக்கிறேன். அதை ஃபேன் விழுங்கி இரண்டு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்திருக்கிறது.

"அக்கா, இது உன் தையல்" என்றாள் பாப்பா.

"ஆமா" என்றேன். "தூசிக்காகத்தான்."

அவள் மனதுக்குள் தேதிகளைக் கூட்டிக் கழிப்பது தெரிந்தது. கணக்கு டீச்சரிடம் எதையும் மறைக்க முடியாது. "நான் அப்ளிகேஷன் அனுப்பின வாரம்தான புழுதி அடிச்சது?"

"பாப்பா, சத்தியமா வேணும்னு பண்ணல."

"தெரியும். வேணும்னு பண்றவ இவ்வளவு அழகா விளிம்பு அடிக்க மாட்டா." அவள் என் முகத்தையே பார்த்தாள். "ஆனா நான் போறது உனக்குப் புடிக்கல. இல்ல?"

இவர் பேச்சை மாற்ற வாயெடுத்தார். மெக்கானிக் அம்மா அவரிடம் டார்ச்சைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஐந்து வருடமாகப் பொய் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அன்று அதற்கு ஒரு பொய்யும் வரவில்லை.

"புடிக்கல" என்றேன். "நீ போயிட்டா எனக்கு வீடே புடிக்காது. நேத்து ஏசி நின்னப்ப கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அதுக்காக என்னைத் திட்டு. ஆனா நீ அந்த ரூமுக்குள்ள நடந்து போகணும். அதுவும் எனக்கு வேணும். ரெண்டும் வேணும்னா நான் என்ன பண்றது?"

தகரக் கூரையின் கீழே அனல் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இடது கால் லேசாக உள்பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். பார்க்காதது போல நின்றேன். பழக்கதோஷம்.

"குளியலறைக் கம்பி மாமா முதுகுக்கு இல்லன்னு எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள். "ஹோட்டல் துணியும் தெரியும். எனக்காக நீங்க பண்ணினது எல்லாம் தெரியும். நீங்க கஷ்டப்பட்டு மறைக்கிறீங்களேன்னு நானும் தெரியாத மாதிரி இருந்தேன். அங்க போனா எனக்காக யாரு பொய் சொல்லுவா? அதான் எனக்கு பயம்."

"சண்டைய உள்ள போய்ப் போட்டுக்கோங்கம்மா" என்றார் மெக்கானிக் அம்மா, தலையைத் தூக்காமலே. "வெளிய சூடா இருக்கு."

கண்ணாடி அறைக்குள் இருவரும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதோம். அப்படி ஒன்றும் பெரிதாகப் பேசிவிடவில்லை. வெளியே புது ஃபியூஸ் போட்டார்கள், ஃபேன் முனகிக்கொண்டு சுற்றியது. மோட்டார் தப்பித்துவிட்டது, ஃபியூஸ்தான் தன்னைக் கொடுத்து அதைக் காப்பாற்றியிருக்கிறது என்று இவர் வந்து சொன்னார். வண்டியை வெயிலில் நிறுத்தி, காற்று வரும் துளையில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, இருபது நிமிடம் ஓடவிட்டார் அந்த அம்மா. ஏழு டிகிரி காட்டியது, கடைசிவரை ஏழிலேயே நின்றது. கிளம்பும்போது என்னிடம் மட்டும், "இனிமே வண்டிக்கு எதுவும் தைக்காதீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம், நான்தான் ஓட்டினேன். முதல் இரண்டு மணி நேரம் அவள் ஏதோ குறிப்புகளைப் படித்துக்கொண்டு வந்தாள், நான் சாலையையும் ஏசியையும் கவனித்துக்கொண்டு வந்தேன். எட்டரை மணி வாக்கில் ஒரு பாலத்துக்கு முன்னால் லாரி ஒன்று குறுக்கே நின்று போக்குவரத்து அடைத்துக்கொண்டது. நிழல் கிடையாது. முன்னால் பின்னால் எங்கும் நகர முடியாது. பக்கத்து வண்டிக்காரர்கள் கதவைத் திறந்து இறங்கி விசிறிக்கொண்டார்கள். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்பக்கம் அந்த ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். ஓடுவதும் நிற்பதும் மறுபடி ஓடுவதுமாக அது தன் வேலையைச் செய்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. அவள் கையைக் காற்றுக்கு நேராக நீட்டி வைத்திருந்தாள்.

"மாறல" என்றாள்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து வழி விட்டார்கள். கல்லூரிக்குள் நுழைந்தபோது பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. நுழைவாயிலுக்கு எவ்வளவு பக்கத்தில் நிறுத்த முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நிறுத்தினேன். அங்கிருந்து ஒரு சரிவு, ஏழு படி, ஒரு கண்ணாடிக் கதவு. நான் சீட் பெல்ட்டைக் கழற்றினேன்.

"நீ வராத" என்றாள். சேலையைச் சரிசெய்தாள். சான்றிதழ் ஃபைலை எடுத்துக்கொண்டாள்.

அவள் இறங்கினாள். நான் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பார்த்தேன். சரிவில் நிதானமாக ஏறினாள். படியில் கைப்பிடியைத் தொட்டாள், பிடிக்கவில்லை. இடது கால், வலது கால், இடது கால். ஏழாவது படியில் நின்று, கதவைத் தானே தள்ளி உள்ளே போனாள். யாரும் இல்லாத காருக்குள் நான் "போயிட்டா" என்று சத்தமாகச் சொன்னேன். அப்புறம் இவருக்குப் போன் போட்டு அதையே சொன்னேன். லிஃப்ட் குழிக்குள்ளிருந்து பேசினார் போல, அவர் அழுதது எதிரொலியோடு கேட்டது.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். ஏசியை அணைக்கவில்லை. அவள் வரும்போது இருக்கை குளிர்ந்திருக்க வேண்டும். பதினொன்றரை மணிக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. அவளோடு இரண்டு மூன்று பேர் வாசல்வரை வந்து பேசிக்கொண்டு நின்றார்கள். உச்சி வெயில். ஒரு படி இறங்கினாள், இரண்டு படி இறங்கினாள். மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். கைப்பிடியை இப்போது பிடித்திருந்தாள். நான் கதவைத் திறக்கக் கையை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். வராதே என்று சொல்லியிருக்கிறாள். அத்தனை பேர் பார்க்கிறார்கள்.

அவள் கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, வா" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ஓடினேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு அப்படி ஓட வரும் என்று எனக்கே தெரியாது. அவள் என் தோளில் கையைப் போட்டாள், முழுப் பாரத்தையும் போட்டாள். கூட நின்றவர்களிடம் "எங்க அக்கா" என்றாள். வயதான ஒருவர் எனக்கு வணக்கம் சொன்னார். நாங்கள் ஒவ்வொரு படியாக இறங்கிக் காருக்கு வந்தோம்.

கதவைச் சாத்தியதும் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் முகத்தைக் காட்டினாள். "உள்ளயே சொல்லிட்டேன்" என்றாள். "எனக்கு இப்படி ஒரு வியாதி, வெயில்ல நடக்கணும்னா கூட ஒரு ஆள் வேணும்னு. மறைக்கல. பாடம் எடுத்துக் காமிச்சதுக்கு அப்புறம்தான் சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஆள் போடுறோம்னாங்க. அடுத்த மாசம் முதல் தேதி சேரச் சொல்றாங்க."

வண்டியை எடுத்தேன். கல்லூரி வாசலைத் தாண்டுவதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, அதே அளவுக்கு வலித்தது. மூக்கை உறிஞ்சினேன்.

"அழுதா ரோடு தெரியாது" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"நான் அழல." சிறிது தூரம் போனதும் சொன்னேன்: "வாரா வாரம் வருவேன். நீ வேண்டாம்னாலும் வருவேன்."

"வா" என்றாள். இடது காலை மெல்ல நீட்டி மடக்கிப் பார்த்தாள், அது அவள் சொன்னதைக் கேட்டது. "என்கிட்ட சொல்லிட்டு வா. நான் டீ போட்டு வைக்கணும்."